யாருடைய போட்டித்திறன்? தீவகத்தின் ஆழமற்ற கடலும் கடலட்டைப் பண்ணைகளும்

கேள்வி

பிட்டி என்றால் மேட்டுநிலம். புங்குடுதீவின் இறுப்பிட்டியிலும் வேலணைத்தீவின் அல்லைப்பிட்டியிலும் ஊர்ப்பெயருக்குள் அந்த மேடு நிற்கிறது. கடல்மட்டத்திலிருந்து சில அடிகளே எழுந்த யாழ்ப்பாணத் தீவகத்தில் மேடு என்பது பெயர் வைக்கத் தகுந்த செய்தி. அந்த மேட்டை விட்டு இறங்கினால் எந்தத் திசையிலும் கடல்தான். அந்தக் கடலும் ஆழமற்றது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் நின்று பார்த்தால் பல இடங்களில் ஓர் ஆள் இடுப்பளவு நீரில் நடந்து தொழில் செய்வதைக் காணலாம். நண்டும் இறாலும் கணவாயும் குஞ்சு மீனும் வளர்வது இந்தப் பரவைக் கடலின் சாதாளை எனும் கடற்புல் படுக்கைகளில்.

கடந்த சில ஆண்டுகளில் இந்தப் பரப்புக்கு ஒரு புதிய பெயர் வந்திருக்கிறது: ஏற்றுமதி வளம். 2022ஆம் ஆண்டு யூன் மாதம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் பரப்பில் வணிக ரீதியான கடலட்டை வளர்ப்புக்கு அமைச்சரவை அனுமதி அளித்தது. 5,000 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். நாடு டொலர் இன்றித் தவித்த நேரத்தில் எடுக்கப்பட்ட முடிவு அது. அதை ஆதரித்தவர்கள் நாட்டின் போட்டித்திறனைப் பற்றிப் பேசினார்கள். எதிர்த்த கடற்றொழிலாளர்கள் தங்கள் வலை விழும் இடத்தைப் பற்றிப் பேசினார்கள். இரு தரப்பும் ஒரே கடலைப் பற்றித்தான் பேசின என்பது பலருக்குப் புலப்படவில்லை.

இக்கட்டுரை ஆராயும் கேள்வி ஒன்றே. தேசியப் பொருளாதாரம் ஏற்றுமதியை நோக்கித் திரும்பும் காலத்தில், தீவகம் போன்ற ஒரு சிறு நிலப்பரப்பின் போட்டித்திறன் உண்மையில் எதில் தங்கியிருக்கிறது?

தீவகம் கண்ட பொருளாதாரங்கள்

தீவகத்தார் சந்தைக்குப் புதியவர்கள் அல்லர். ஊர்காவற்றுறை பாய்க்கப்பல் காலத்துத் துறைமுகம். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல்வழியே போன காலம் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிலும் தெற்கின் சிறு பட்டினங்களிலும் கடை வைத்தார்கள். அவர்களுடைய போட்டித்திறன் உறவும் கடன்நம்பிக்கையும்தான். ஊரிலிருந்து ஒரு பொடியனை அழைத்துப்போய்க் கடையில் நிறுத்தி, தொழில் பழக்கி, பிறகு அவனுக்கே ஒரு கடை போட்டுக் கொடுப்பார்கள். 1958, 1977, 1983இல் தமிழருக்கெதிராக நடந்த வன்முறைகள் அந்த வலையை அறுத்தன.

நிலத்தில் உழைத்தவர்களின் கதை வேறு. 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்தான். 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் அந்த நிமிர்வு குலைந்தது. கொழும்பில் எழுதப்படும் ஒரு கொள்கை வரி, வேலணைத் தோட்டக்காரனின் வருமானத்தை ஒரு போகத்துக்குள் தலைகீழாக மாற்ற முடியும் என்பதை எங்கள் பெற்றோர் தலைமுறை அப்போதே கண்டுவிட்டது.

கைத்தொழிலிலும் ஒரு முயற்சி நடந்தது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டியது. வலைத் தொழிற்சாலையும் கடலுணவு பதனிடுதலும் அதனோடு சேர்ந்தன. படகு, வலை, மீன் மூன்றையும் ஒரே சங்கிலியில் கோத்த அந்த முயற்சியை, தீவகத்துக்குப் பொருந்திய கைத்தொழில் எது என்ற கேள்விக்குக் கிடைத்த மிகச் சரியான விடையாக நான் மதிக்கிறேன். போர் அதை முடக்கியது. 1990களின் தொடக்கத்தில் தீவுகளிலிருந்து பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தார்கள். திரும்பியவர் சிலர். கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் போனவர் பலர். பூட்டிய கல்வீடுகளும் திருத்திக் கட்டிய கோவில்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இன்றைய காட்சி அதன் விளைவு.

போட்டித்திறன் என்ற சொல்

நாடுகளின் போட்டித்திறன் என்ற கருத்தை மைக்கேல் போர்ட்டர் 1990இல் வெளியான நூலால் பரவச் செய்தார். ஒரு நாடு மலிவான கூலியாலும் இயற்கை வளத்தாலும் மட்டும் நெடுங்காலம் போட்டியிட முடியாது, திறனும் தரமும் தொடர்ச்சியான மேம்பாடுமே அதைத் தாங்கும் என்பது அவர் வாதம். 1995இல் அவர் இன்னொருவருடன் சேர்ந்து இதை மேலும் நீட்டினார். நன்கு வகுக்கப்பட்ட சுற்றாடல் விதிகள் தொழிலைப் புதுமை செய்யத் தூண்டி அதன் போட்டித்திறனைக் கூட்டக்கூடும் என்றார். போல் குரூக்மன் 1994இலேயே மறுப்புத் தெரிவித்திருந்தார். நிறுவனம் போட்டியில் தோற்றால் மூடப்படும், நாடு அப்படி மூடப்படுவதில்லை. ஆகவே நாட்டை நிறுவனம் போலப் பேசுவது ஆபத்தான மோகம் என்பது அவர் கருத்து.

இந்த விவாதத்தில் தீவகத்துக்கு வேண்டியது குரூக்மன் தொட்ட இடம். நாடு ஒரு நிறுவனம் அல்ல என்றால், நாட்டின் ஏற்றுமதி வரவு கூடும்போது அது யாருடைய கையில் கூடுகிறது, யாருடைய கையில் குறைகிறது என்று கேட்டே ஆகவேண்டும்.

இலங்கையில் இந்தக் கேள்வி இப்போது அவசரமாகிவிட்டது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்துதலை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் பெறுமதியான நான்காண்டுத் திட்டத்துக்கு இணங்கியது. 2024இல் நிறைவேற்றப்பட்ட பொருளாதார மாற்றச் சட்டம் ஏற்றுமதியின் பங்கை உயர்த்துவதற்கான இலக்குகளைச் சட்டமாகவே எழுதிவைத்தது. இலக்கு எழுதப்பட்டுவிட்டால் அதிகாரிகள் ஏற்றுமதிக்குரிய பொருளைத் தேடுவார்கள். கடல் சூழ்ந்த வடக்கில் அவர்கள் கண்ணில் முதலில் படுவது கடலட்டை.

கடலட்டை: வரவும் செலவும்

கடலட்டைக்கு ஆதரவான வாதங்களை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். அவை பலமானவை. பண்ணைகளில் வளர்க்கப்படும் இனம் மணலில் புதைந்து, அடிமண்ணில் உள்ள கரிமப் பொருளை உண்டு வாழ்வது. இறாலைப் போல அதற்குத் தீனி வாங்கிப் போடத் தேவையில்லை. நன்னீர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கிணறுகள் உவர்த்துக்கொண்டிருக்கும் தீவுகளில் இது சிறிய விடயம் அல்ல. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் விற்பனை அளவுக்கு வளரும். அவித்து உலர்த்தினால் சீனச் சந்தையில் உயர்ந்த விலை கிடைக்கும். இயற்கைக் கடலில் இந்த இனம் அழிவாபத்துப் பட்டியலில் இருப்பதால், வளர்ப்பு இயற்கைக் கடலின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும் என்ற வாதமும் உண்டு. பாக்கு நீரிணையின் மறுகரையில் இந்தியா 2001 முதல் கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்திருக்கிறது. அங்கே பிடித்தால் சிறை, இங்கே வளர்த்தால் ஊக்குவிப்பு. ஒரே நீர்ப்பரப்பில் ஒரே உயிருக்கு இரண்டு சட்டங்கள் நிலவுவதால், தமிழகக் கரையிலிருந்து கடத்தப்படும் அட்டை இலங்கைக்கு வந்து சேர்வதும் அவ்வப்போது பிடிபடுகிறது.

செலவுப் பக்கம் கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத செலவு செலவாகத் தெரிவதும் இல்லை.

முதற் செலவு இடம். பண்ணை என்பது ஆழமற்ற கடலில் கம்பு நட்டு வலை சுற்றி அடைத்த பரப்பு. அந்தப் பரப்பு வெறுமையாகக் கிடந்தது அல்ல. களங்கட்டி எனும் மீன்பொறி நடுவோர், சிறகுவலை போடுவோர், நண்டுவலை விடுவோர், இடுப்பளவு நீரில் நடந்து இறால் பிடிப்போர் எல்லோருக்கும் அது தொழிலிடம். பெரிய படகு வாங்க வழியில்லாத குடும்பம் கரையோரத்தை விட்டு ஆழ்கடலுக்குப் போக முடியாது. ஆகவே கடலை அடைக்கும்போது முதலில் வெளியேறுவது மிக ஏழைகள். நிலத்தில் ஒரு வயலை வேலியடைத்தால் உறுதி எங்கே என்று யாராவது கேட்பார்கள். கடலில் உறுதி இல்லை. வழக்கம்தான் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் வழக்கத்தை ஒரே கையெழுத்தில் வென்றுவிடுகிறது.

இரண்டாவது, சாதாளை. கடலட்டையின் இளம் உயிர்கள் சாதாளை இலைகளில்தான் தங்கும் என்பதால் பண்ணைக்குச் சிறந்த இடமும் அதுவே. மீன்குஞ்சுக்கும் நண்டுக்குஞ்சுக்கும் அதுவே தொட்டில். நெருக்கமாக நட்ட கம்பும் வலையும் நீரோட்டத்தைத் தடுத்தால், பண்ணைக்குள் கிடைக்கும் வரவை வெளியே குறையும் மீன் விழுங்கிவிடும். இந்த இழப்பு பண்ணைக்காரரின் கணக்கேட்டில் வராது, பக்கத்து வள்ளத்துக்காரரின் அடுப்பில் தெரியும்.

மூன்றாவது, சங்கிலி. அட்டைக்குஞ்சு சில பொரிப்பகங்களிலிருந்து மட்டுமே வருகிறது. அரியாலையில் சீன முதலீட்டுடன் இயங்கிய பொரிப்பகமும், 2021இல் கௌதாரிமுனையில் அமைக்கப்பட்ட பண்ணையும் பெரும் சர்ச்சையாயின. அரசியல் களத்தில் அது சீனா, இந்தியா பற்றிய பேச்சாக மாறிப்போனது. நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. குஞ்சு தருபவரும் கொள்வனவு செய்பவரும் மிகச் சிலராக இருந்து, விலையைத் தீர்மானிக்கும் சந்தையும் ஒரே நாட்டில் இருந்தால், நடுவில் நிற்கும் வளர்ப்பாளருக்கு எந்தப் பேரம்பேசும் பலமும் இல்லை. குஞ்சு தருபவரும் கொள்வனவு செய்பவரும் நாட்டவரா அயலவரா என்பது இதை மாற்றாது. உலர்ந்த அட்டையின் விலை அளவையும் பதனிட்ட திறனையும் பொறுத்து வெகுவாக வேறுபடும். உயிரட்டையாகவே விற்றுவிடுபவர் அந்த வேறுபாட்டைத் தொடுவதே இல்லை.

நான்காவது, மாரி. வடகீழ்ப் பருவமழை உரத்துப் பெய்யும்போது ஆழமற்ற கடலின் உப்புத்தன்மை விழும். கடலட்டை அதைத் தாங்காது. திறந்த கடலில் மீன் நகர்ந்துவிடும். அடைப்புக்குள் இருப்பதற்குப் போக்கிடம் இல்லை.

புத்தளத்தின் இறால் பண்ணைகள் நமக்கு முன்னால் இருக்கும் எச்சரிக்கை. ஏற்றுமதியின் பெயரால் விரைந்து பரவிய அந்தப் பண்ணைகளை 1990களின் பிற்பகுதியில் வெண்புள்ளி நோய் தாக்கியது. கைவிடப்பட்ட குளங்கள் பல அங்கே உவர்நிலமாகக் கிடந்தன. கண்டலை வெட்டிப் பெற்ற போட்டித்திறன் ஒரு வைரசோடு போயிற்று. கடலட்டையும் இறாலும் ஒன்றல்ல என்பது உண்மை. கட்டுப்பாடின்றிப் பெருகும் வேகம் இரண்டிலும் ஒன்றே.

மாவெல்ல

எலினோர் ஒஸ்ற்றம் 1990இல் வெளியிட்ட பொதுவளங்கள் பற்றிய நூலில், பின்னர் அவருக்கு 2009இல் நோபல் பரிசு பெற்றுக்கொடுத்த ஆய்வுகளின் நடுவே, ஓர் இலங்கைக் கிராமமும் வருகிறது. தெற்குக் கரையின் மாவெல்ல. மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் அங்கே கரைவலைத் தொழிலை ஆராய்ந்திருந்தார். வலைகள் முறைவைத்து இழுக்கப்பட்டன. யார் எப்போது, எந்தப் பக்கத்தில் வலைபோடுவது என்பதற்கு நுணுக்கமான விதி இருந்தது. 1940களில் சில பத்துகளாக இருந்த வலைகள் 1971இல் நூற்றைத் தாண்டின. மீன் கூடவில்லை, பங்கு மட்டும் மெலிந்தது. புதிய வலைகளைத் தடுக்கும் சட்டம் ஏட்டில் இருந்தது. வெளியே இருந்த அரசியல் செல்வாக்கு அதைச் செயற்படவிடவில்லை.

கடற்றொழிலாளருக்கு விதி செய்யத் தெரியாது என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும். விதி இருந்தது. அதைக் காக்கும் அதிகாரம் ஊரிடம் இல்லை. தீவகத்திலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் சமாசங்களும் உள்ளன. பண்ணை அனுமதியில் அவற்றின் கருத்துக் கேட்கப்படுகிறது என்று சொல்லப்படுகிறது. கேட்பது வேறு, கட்டுப்படுவது வேறு.

மறுபக்கம் ஓர் உதாரணம் மடகாஸ்கரின் தென்மேற்குக் கரை. அங்கேயும் ஏழைக் கடலோரக் குடும்பங்கள் இதே இனக் கடலட்டையை அடைப்புகளில் வளர்க்கின்றன. அங்கேயும் பொரிப்பகம் ஒரு நிறுவனத்தினுடையது, கொள்வனவும் அதனுடையதே. ஆனால் வெலொன்ட்ரியாகே என்ற பகுதியில் கடல் முன்னதாகவே ஊர்களின் கூட்டு மேலாண்மையின் கீழ் வந்திருந்தது. டினா எனப்படும் ஊர்வழக்குச் சட்டம் எந்தக் கடல் மூடப்படும், எது திறக்கும் என்பதைத் தீர்மானித்தது. பண்ணை அந்த ஒழுங்குக்குள் வந்து சேர்ந்தது. களவும் புயலும் அங்கேயும் தொல்லை கொடுத்தன; அதைச் சொர்க்கமாகக் காட்டத் தேவையில்லை. எனினும் வரிசை முக்கியம். முதலில் ஊரின் உரிமை, பிறகு பண்ணை. இங்கே அந்த வரிசை மாறிவிட்டது.

நண்டு சொல்லும் பாடம்

நிலைபேறு என்பது போட்டித்திறனுக்குப் பாரம் என்று நினைப்பவர்களுக்கு இலங்கையின் சொந்த அனுபவமே மறுப்பு. 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையிலிருந்து மீன் இறக்குமதி செய்வதற்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. காரணம் ஆழ்கடலில் பலநாட் கலங்களின் சட்டவிரோத மீன்பிடியை அரசு கட்டுப்படுத்தவில்லை என்பது. தடை 2016 யூனில்தான் நீங்கியது. கண்காணிப்பின் குறைபாடு ஒரு நாட்டின் மீனுக்கு ஐரோப்பியச் சந்தையை மூடிவிட்டது.

பாக்கு நீரிணையின் நீலக்கால் நண்டு இதன் மறுபுறம். வடக்கின் கரையோரத்தில் சிறு படகுகள் பிடிக்கும் நண்டு, பதனிடப்பட்டு அமெரிக்கச் சந்தைக்குப் போகிறது. அங்கே வாங்குபவர் நண்டு எப்படிப் பிடிக்கப்பட்டது என்று கேட்கிறார். அதனால் 2010களில் இலங்கைக் கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம் கடற்றொழிலாளரோடும் ஆய்வாளரோடும் சேர்ந்து ஒரு மேம்பாட்டுத் திட்டத்தில் இறங்கியது. சிறு நண்டைத் தவிர்ப்பது, சினை நண்டைக் கடலில் விடுவது, பிடிப்பைப் பதிவது என்பன வணிகத் தேவையாக மாறின. போர்ட்டர் 1995இல் சொன்னது இங்கே ஓரளவு மெய்யாயிற்று. நண்டுக்காகக் கடலை வேலியடைக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே நண்டுவலையை இந்திய இழுவைப் படகு ஓர் இரவில் வாரிச் செல்கிறது. இலங்கை 2017இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. கடலின் நடுவே சட்டம் தளர்ந்துபோகிறது. வெளியிலிருந்து இழுவைப் படகும் உள்ளே பண்ணை வேலியும் நெருக்க, சிறுதொழிலாளிக்கு எஞ்சுவது ஒரு கீற்று நீர்.

மின்சாரமும் மண்ணெண்ணெயும்

போட்டித்திறனின் இன்னொரு பாதி கரையில் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. வெளியிணை இயந்திரம் பூட்டிய சிறு படகு மண்ணெண்ணெயில் ஓடுவது. அந்த ஒரு விலையுயர்வு எந்த ஏற்றுமதிக் கொள்கையையும் விட ஆழமாகத் தீவகத்தின் தொழிலைப் பாதித்தது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையோடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கியில் தங்கியிருந்தவை. காற்றும் வெயிலும் நிறைந்த இத்தீவுகளுக்குக் கலப்பு மின்திட்டம் என்பது கண்முன்னே கிடந்த தீர்வு. 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் ஒரு சீன நிறுவனக் கூட்டுக்கு அது வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை ஏற்பட்டது. இந்திய அரசின் 1.1 கோடி டொலர் நன்கொடையில், பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச் 1ஆம் திகதி. மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாற்றுக் காற்றுமின், 1,700 கிலோவாற்றுச் சூரியமின், 2,400 கிலோவாற்று மணிநேர மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாற்று டீசல் காப்பு என்பது அதன் அளவு.

வல்லரசுகளின் பார்வையில் இது தீவுகளின் அமைவிடம் பற்றிய வழக்கு. தீவில் இருப்பவருக்கு அது மூன்று ஆண்டுக் காத்திருப்பு. இடையில் வந்தது 2022இன் எரிபொருள் வறட்சி. நம்பகமான மின் இல்லாத தீவில் ஐஸ் இல்லை. ஐஸ் இல்லாத இடத்தில் மீன்பிடிப்பவர் அன்றைக்கே, கேட்ட விலைக்கே விற்கவேண்டும். நெடுந்தீவுக்காரரின் மீன் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை வந்து சேர்வதற்குள் அதன் விலையில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. அந்தக் கரைவைத் தடுப்பதற்கு ஒரு ஏக்கர் கடலைக்கூட யாரிடமிருந்தும் எடுக்க வேண்டியதில்லை.

மதிப்பீடு

கடலட்டைப் பண்ணையை முற்றாக நிராகரிப்பது என் நிலைப்பாடு அல்ல. தீனி கேட்காத, நன்னீர் கேட்காத ஒரு வளர்ப்பு, வறண்ட தீவுகளுக்குப் பொருந்தக்கூடியது. நான் மறுப்பது அளக்கும் முறையை. ஏக்கரையும் டொலரையும் மட்டும் அளந்தால், பொதுக்கடலை விலையின்றி எடுத்துக்கொண்டு ஈட்டும் வரவு போட்டித்திறன் போலத் தோன்றும். அது மானியம். அதைக் கொடுப்பவர்கள் நண்டுவலைக்காரரும் களங்கட்டிக்காரரும். ஒரு சதுர கிலோமீற்றர் கடலால் எத்தனை ஊர்க்குடும்பங்கள் வாழ்கின்றன, கிடைக்கும் விலையில் எத்தனை சதம் தீவுக்குள் நிற்கிறது, பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தச் சாதாளை உயிரோடிருக்குமா என்று அளந்தால் வேறு விடை வரும்.

அந்த விடை சீநோர் காட்டிய திசையில் இருக்கிறது என்பது என் முடிவு. பிடிப்பதையும் வளர்ப்பதையும் கரையில் பதனிடுதலோடும் ஐசோடும் சங்கத்தின் கையிலுள்ள விற்பனையோடும் கோத்தால் தீவகம் போட்டியிடும். ஒரு பொரிப்பகம் கூட்டுறவுச் சமாசத்தின் உடைமையாக இருந்தால், வளர்ப்பாளரின் பேரப்பலம் மறுநாளே மாறும். புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் கோவிலுக்கும் பள்ளிக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைக் கடனாக, நன்கொடையாக அல்லாமல், ஐஸ் தொழிற்சாலைக்கும் உலர்த்துமனைக்கும் அனுப்ப முடியும். தெற்கில் கடைபோட்டு உறவை முதலாக்கிய ஊர்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல.

அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று. வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு பிரதேச செயலகங்களின் எல்லைக்குள் எந்தக் கடல் யாருடைய தொழிலிடம் என்பதைக் காட்டும் வரைபடம் கடற்றொழிலாளரோடு சேர்ந்து வரையப்பட்டுத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். அந்த வரைபடம் வரும்வரை புதிய பண்ணைக்கு ஒரு ஏக்கர்கூட வழங்கக்கூடாது. வந்த பிறகும், ஊர்ச்சங்கப் பொதுக்கூட்டத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத அனுமதிப்பத்திரம் செல்லாது என்று கடற்றொழில் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.